பின்னச்சு முனகும்போது: பிக்கப் வண்டியின் டிஃபரன்ஷியலும் அதன் பழுதும்

பின்சக்கரங்களின் விசையால் ஓடும் பிக்கப் வண்டி ஒன்றின் அடியில் குனிந்து பார்த்தால், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் இரும்புக் குழாய் நடுவில் புடைத்து, உருண்ட உறையாகத் திரண்டிருப்பது தெரியும். எஞ்சினிலிருந்து கியர் பெட்டி வழியாக வரும் சுழற்சியை வாங்கி, அதைச் செங்கோணத்தில் திருப்பி, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டி, இரு சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி அந்த உறைக்குள் இருக்கிறது. பல ஆண்டுகள் எவர் கவனத்தையும் கோராமல் உழைக்கும் இத்தொகுதி பழுதுறத் தொடங்கும்போது அதை முதலில் ஓசையால்தான் தெரிவிக்கிறது. அந்த ஓசையைப் பிரித்தறியாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களே இந்தப் பழுதுநீக்கத்தில் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள். எந்தப் பாகம் கெட்டது, அது ஏன் கெட்டது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை காணாமல் புதிய பாகத்தை மாட்டினால், பழையதைக் கெடுத்த காரணமே புதியதையும் கெடுக்கும்.

வளைவில் திரும்பும் வண்டியின் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட நீண்ட தூரம் உருள வேண்டியிருக்கிறது. மாட்டுவண்டியில் இரு சக்கரங்களும் அச்சின் மேல் தனித்தனியே உருளுவதால் அங்கே இது ஒரு சிக்கலே இல்லை. ஒரே இயந்திரம் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து உருட்ட முற்பட்டபோதுதான், இரண்டுக்கும் விசையையும் தரவேண்டும், வெவ்வேறு வேகத்தில் சுழலும் உரிமையையும் தரவேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்கென 1828-இல் காப்புரிமை பெற்ற பல்சக்கர அமைப்பு அந்த நெருக்கடிக்கு அளித்த தீர்வு, இன்றைய பிக்கப் வண்டிகளிலும் அடிப்படையில் மாறாமல் தொடர்கிறது.

கியர் பெட்டியிலிருந்து பின்னோக்கி வரும் நீண்ட தண்டுக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். அதன் முனையோடு இணைந்து உறைக்குள் நுழையும் சிறிய பல்சக்கரம் பினியன். பினியனால் சுழற்றப்படும் பெரிய வட்டப் பல்சக்கரம் கிரவுன் வீல். கிரவுன் வீல் ஒரு கூண்டின் மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கூண்டின் குறுக்கே ஒரு தண்டும், அத்தண்டில் எதிரெதிராக இரண்டு சிறு பல்சக்கரங்களும் உண்டு; பட்டறைகளில் ஸ்டார் பினியன் எனப்படும் இவை, சக்கரங்களுக்குச் செல்லும் இரு ஆக்ஸில் தண்டுகளின் முனைகளிலுள்ள பக்கப் பல்சக்கரங்களோடு கோத்துக்கொண்டிருக்கும். நேர்ப்பாதையில் கூண்டு முழுவதும் ஒரே கட்டாகச் சுழல்வதால் ஸ்டார் பினியன்கள் தம்மைச் சுற்றிச் சுழல்வதில்லை; வளைவில் மட்டுமே அவை மெல்ல உருண்டு, ஒரு சக்கரத்தின் வேகத்தில் குறைந்ததை மற்றொன்றின் வேகத்தில் கூட்டிவிடுகின்றன.

இந்தப் பொதுவான அமைப்பை ஒரு குறிப்பிட்ட வண்டியை முன்வைத்து விளக்குவது எளிது. அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையான செவர்லே சில்வராடோ 1500 வண்டியின் 1999-க்குப் பிந்தைய தலைமுறைகள் பலவற்றில், கிரவுன் வீல் 8.6 அங்குல விட்டமும், உறையின் பின்மூடி பத்து போல்ட்டுகளும் கொண்ட பின்னச்சு பொருத்தப்பட்டது. அதில் பரவலாக வந்த ஒரு விகிதம் 3.73, கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருப்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறத்தாழ 3.73 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். 41 என்பது பகா எண் ஆகையால், பினியனின் ஒவ்வொரு பல்லும் காலப்போக்கில் கிரவுன் வீலின் எல்லாப் பற்களையும் சந்தித்து, தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. 3.42 விகிதத்துக்கு அதே 41 பற்களுக்கு எதிராகப் 12 பற்களும், 4.10 விகிதத்துக்குப் 10 பற்களும் பினியனில் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இம்மூன்று அச்சுகளும் ஒன்றே போலத் தோன்றும். இந்தத் தோற்ற ஒற்றுமை பழைய அச்சை விலைக்கு வாங்குபவரை எளிதில் ஏமாற்றிவிடும்.

பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக அமையாமல் அதற்குக் கீழே தாழ்ந்திருக்கும். ஹைப்பாய்டு எனப்படும் இந்த அமைப்பு 1920-களின் நடுப்பகுதியில், பல்சக்கரம் வெட்டும் எந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கிளீசன் நிறுவனத்தின் உழைப்பால் உருப்பெற்று, பேக்கார்டு கார்களின் வழியே பரவியது. புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாழ்த்தி வண்டியின் தளத்தையும் தாழ்த்த அது இடம் தந்தது. பற்கள் ஒன்றையொன்று நீளமாகத் தழுவுவதால் ஓசையும் குறைந்தது. ஆனால் ஹைப்பாய்டு பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்தின் கீழ் சறுக்கவும் செய்கின்றன. அந்தச் சறுக்கலில் சாதாரண எஞ்சின் ஆயிலின் படலம் கிழிந்துவிடும் என்பதால், கந்தகமும் பாஸ்பரசும் கலந்த, ஜி.எல்.-5 என்று தரப்படுத்தப்பட்ட கியர் ஆயில் இங்கே தேவைப்படுகிறது. பின்மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அந்தக் கந்தகத்துடையது. அந்த நெடியை மட்டும் கொண்டு ஆயில் கெட்டுவிட்டதாக முடிவு கட்டுவது தவறு.

டிஃபரன்ஷியல் தானாகக் கெடுவது அரிது; பெரும்பாலும் அதன் ஓரத்திலுள்ள ஒரு மலிவான பொருள் முதலில் கெடுகிறது. பினியன் வெளியே வருமிடத்தில் உள்ள ரப்பர் ஆயில் சீல் தேய்ந்து சொட்டுச் சொட்டாக ஆயில் கசியத் தொடங்கினால், மட்டம் குறைவதை ஓட்டுநருக்குச் சொல்ல எந்த விளக்கும் இல்லை. உறையின் அடியில் தேங்கியிருக்கும் ஆயிலைக் கிரவுன் வீல் வாரியிறைத்துத்தான் முன்புறத்துப் பினியன் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. மட்டம் தாழ்ந்ததும் முதலில் பட்டினி கிடப்பவை அந்தப் பேரிங்குகளே. அவை தேய்ந்து பினியன் நூலளவு அசைந்தாலும் பற்கள் தொட வேண்டிய இடம் மாறிவிடுகிறது, அதன் பிறகு கிரவுன் வீலும் சேர்ந்து அழிகிறது. நீர் புகுவதும் இதற்கு இணையான கேடு. படகை இழுவை வண்டியில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, பின்னோக்கி நீரில் இறக்கும் வழக்கம் அமெரிக்க மீன்பிடிப் பிரியர்களிடையே பரவலானது; நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, உறையின் காற்றுக்குழாயின் வழியாகவோ தேய்ந்த சீலின் வழியாகவோ நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஆயில் வெளிவந்தால் நடந்தது இதுதான்.

ஓட்டும் முறையும் பழுதுக்குக் காரணமாகும். ஒரு சக்கரம் சேற்றிலோ பனியிலோ சிக்கிச் சுழல, மற்றது அசையாமல் நிற்கும்போது, வேகமானி காட்டும் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் அந்த ஒற்றைச் சக்கரம் சுழல்கிறது. ஸ்டார் பினியன்களுக்கெனத் தனி பேரிங்குகள் கிடையாது. வளைவுகளில் மெல்ல உருளுவதற்கென்றே அமைந்த அவை, இந்நிலையில் குறுக்குத் தண்டின் மேல் வெறித்தனமாகச் சுழன்று, ஆயில் படலம் எரிந்து, தண்டோடு ஒட்டிக்கொள்ளும். உடைந்த குறுக்குத் தண்டு பின்மூடியைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. சில்வராடோ வாங்குவோர் ஜி.80 என்ற குறியீட்டின் கீழ் பெறக்கூடிய ஈட்டன் நிறுவனப் பூட்டு டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களின் சுழற்சியிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபாடு ஏற்பட்டதும் இரண்டையும் தானே பிணைத்துவிடும். வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 மைலைக் கடந்தால் பிணைக்காது. நிதானமாக ஓட்டுபவருக்கு அது நல்ல துணை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திச் சேற்றிலிருந்து வெளியேற முயல்பவரின் வண்டியில் அந்தப் பூட்டு திடீரென்று விழும்போது, உள்ளிருக்கும் சிறு பாகங்கள் நொறுங்கிப்போக வாய்ப்பு மிகுதி.

இனி ஓசைகளைப் பார்க்கலாம். பழுதைக் கண்டறியும் வேலையின் பெரும்பகுதி காதால் நடப்பது. ஆளரவம் குறைந்த, சமமான சாலையில், வானொலியையும் விசிறியையும் நிறுத்திவிட்டு, நான்கு நிலைகளில் வண்டியை ஓட்டிக் கேட்க வேண்டும்: ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகமெடுக்கும் நிலை, ஒரே வேகத்தில் செல்லும் நிலை, எஞ்சின் வண்டியைத் தள்ளவும் செய்யாமல் இழுத்துப் பிடிக்கவும் செய்யாமல் பற்களின் மேல் சுமையே இல்லாதபடி காலை மெல்லத் தளர்த்திய நிலை, காலை முழுவதும் எடுத்துவிட்டு, வண்டி தன் உந்தத்தால் ஓடி எஞ்சினை இழுக்கும் நிலை. வேகமெடுக்கும்போது பல்லின் ஒரு முகமும் காலை எடுத்ததும் மறுமுகமும் சுமை தாங்குவதால், எந்த நிலையில் ஓசை தோன்றி எந்த நிலையில் மறைகிறது என்பது எந்த முகம் தேய்ந்தது என்பதற்குச் சான்றாகிறது. வேகமெடுக்கும்போது மட்டும் எழும் ஊளை கிரவுன் வீலும் பினியனும் சந்திக்கும் இடத்தைச் சுட்டுகிறது. காலை எடுத்ததும் எழுந்து, மீண்டும் அழுத்தியதும் அடங்கும் ஊளை, பினியன் நட்டு தளர்ந்ததையோ பினியன் பேரிங்கின் இறுக்கம் குறைந்ததையோ சொல்கிறது.

பல்சக்கர ஊளைக்குத் திட்டமான ஒரு சுருதி உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், சுற்றளவு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உள்ள டயர் நொடிக்குப் 11 முறை உருளுகிறது. கிரவுன் வீலில் 41 பற்கள் இருப்பதால் பற்கள் நொடிக்கு ஏறத்தாழ 450 முறை சந்திக்கின்றன. காதுக்கு அது தெளிவான ஒற்றை ஸ்வரமாகக் கேட்கும், வேகம் கூடக் கூட வீணையின் தந்தியில் விரல் வழுக்குவதுபோல் சீராக மேலேறும். பேரிங்கின் ஓசைக்கு இந்தத் தெளிவு கிடையாது. அது கரகரப்பாகவோ உறுமலாகவோ இருக்கும், சுமையைவிட வேகத்தையே பின்பற்றும். பினியன் பேரிங் கிரவுன் வீலின் பக்கங்களில் உள்ள கூண்டு பேரிங்குகளைவிட 3.73 மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் கரகரப்பு நெருக்கமானதாகவும், கூண்டு பேரிங்கின் உறுமல் தாழ்ந்ததாகவும் கேட்கும். சக்கரத்தருகே உள்ள ஆக்ஸில் பேரிங் என்றால், வண்டியை மெல்ல இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது, சுமை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவதற்கேற்ப உறுமல் கூடிக் குறையும். நேராகச் செல்லும்போது ஏதும் கேட்காமல், திரும்பும்போது மட்டும் ‘கடக் கடக்’ என்று இடித்தால் ஐயம் ஸ்டார் பினியன்களின் மேல் விழ வேண்டும்.

டிஃபரன்ஷியலின் மேல் பழி விழும் ஓசைகள் பலவற்றுக்கு அது காரணமே அல்ல. மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் எழுப்பும் முழக்கம் பேரிங் உறுமலை அப்படியே ஒத்திருக்கும். தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது ஓசையும் மாறினால் குற்றவாளி டயர்தான், ஏனெனில் சாலையின் பரப்பு பல்சக்கரத்துக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தோன்றி அதைக் கடந்ததும் மறையும் அதிர்வு, சமநிலை இழந்த புரொப்பெல்லர் ஷாஃப்டிலிருந்து வரலாம். கியரை ரிவர்ஸுக்கு மாற்றும்போது கேட்கும் ‘டங்’ என்ற இடி பல வேளைகளில் ஷாஃப்டின் முனையிலுள்ள கிராஸ் ஜாயின்ட் தேய்ந்ததால் வருவது. நின்ற வண்டி கிளம்பும்போது வரும் ஒற்றை இடிக்கு, செவர்லே பிக்கப்களில், கியர் பெட்டிக்குள் வழுக்கி நீள வேண்டிய ஷாஃப்டின் முன்முனை கிரீஸ் வறண்டு சிக்கிக்கொள்வதே அடிக்கடி காரணமாயிருந்திருக்கிறது. சிறிதளவு கிரீஸில் தீரும் தொல்லைக்காகப் பின்னச்சையே இறக்கிய உரிமையாளர்கள் இல்லாமல் இல்லை.

சாலையில் கேட்டதை, வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் உறுதிசெய்ய வேண்டும். ஷாஃப்ட் பினியனோடு சேரும் இடத்தைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் அசைவே இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. சுழலும் திசையில் சிறிதளவு தளர்வு இருப்பது இயல்பு. அத்தளர்வைக் கண்டு அஞ்சுவோர் பலர். பற்களுக்கிடையே வைக்கப்பட்ட இடைவெளியும் ஸ்டார் பினியன்களின் இடைவெளியும் கூடித்தான் அது தெரிகிறது. ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் அது சாதாரண டிஃபரன்ஷியல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஜி.80 பூட்டும் கையின் மெதுவான சுழற்சிக்குச் சாதாரண டிஃபரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளும் ஆகையால், அதைத் தீர்மானிக்கப் பாகக் குறியீட்டையே நம்ப வேண்டும். அக்காலச் சில்வராடோக்களில் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில், ஜி.80-உடன், 3.42-க்கு ஜி.யு.6, 3.73-க்கு ஜி.டி.4, 4.10-க்கு ஜி.டி.5 என்ற குறியீடுகளும் இருக்கும்.

ஐயத்தைத் தீர்க்கும் இறுதிச் சோதனை பின்மூடியைத் திறப்பது. அடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற நுண்துகள் படிந்திருப்பது தேய்மானத்தின் இயல்பான விளைவு. விரலில் தேய்த்தால் நெருடும் செதில்களோ, விளிம்பு கூரிய துண்டுகளோ கிடைத்தால் மட்டுமே அஞ்ச வேண்டும். துண்டின் வடிவமே அது எங்கிருந்து உடைந்தது என்பதைக் காட்டிவிடும்: வளைந்த மெல்லிய தகடு பேரிங்கின் கூட்டிலிருந்தும், கனத்த முக்கோணத் துண்டு பல்லின் முனையிலிருந்தும் வந்திருக்கும். கிரவுன் வீலை ஒரு முழுச் சுற்று திருப்பி ஒவ்வொரு பல்லையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்த பல் ஆயில் இன்றி வெந்ததைக் காட்டுகிறது. குழி விழுந்த பல் மிகைச் சுமையையோ நீர் கலந்த ஆயிலையோ காட்டுகிறது.

கோளாறு உறுதியானபின் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உறையை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்பாகங்களைப் புதிதாகக் கோப்பது. மற்றொன்று, பின்னச்சு முழுவதையும் இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவது. முதலாவது சிக்கனமாகத் தோன்றும், பேரிங்குகள் மட்டும் தேய்ந்து பற்கள் நலமாயிருக்கும்போது அதுவே சரியானதும் ஆகும். ஆனால் கிரவுன் வீலும் பினியனும் மாற வேண்டுமென்றால் வேலை வேறொரு தளத்துக்குப் போய்விடுகிறது. இவ்விரண்டும் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்ட சோடி. ஒரு சோடியின் கிரவுனை இன்னொரு சோடியின் பினியனோடு சேர்க்கக் கூடாது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதன் பேரிங்குக்கு அடியில் வைக்கும் ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகடு நிர்ணயிக்கிறது. பற்களுக்கிடையிலான இடைவெளி பொதுவாக 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள், அதாவது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும். அதை அளக்க டயல் கேஜ் வேண்டும். பிறகு பற்களின் மேல் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றினால், பற்கள் தொடும் இடத்தில் பசை விலகி ஒரு தடம் விழும். அத்தடம் பல்லின் நடுவில் விழுந்தால் வேலை முடிந்தது. அடிப்பகுதிக்கு இறங்கினாலோ நுனிக்கு ஏறினாலோ பினியனைக் கழற்றி, பேரிங்கை பிரஸ்ஸில் இட்டுப் பிதுக்கி எடுத்து, வேறு ஷிம் வைத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவற்றில் மிகவும் நுட்பமானது பினியன் பேரிங்குகளின் முன்னிறுக்கம். இரு பேரிங்குகளுக்கும் நடுவே மெல்லிய எஃகுக் குழல் ஒன்று இருக்கும். பினியன் நட்டைப் பெரும் விசையோடு இறுக்கும்போது அக்குழல் நசுங்கி, பேரிங்குகளை உரிய அழுத்தத்தில் நிறுத்துகிறது. நட்டை இறுக்கக் கைக்கு நீளமான நெம்புகோல் வேண்டும், ஆனால் இலக்காக இருப்பதோ புதிய பேரிங்குகளோடு பினியனைச் சுழற்ற 15 முதல் 30 அங்குல-பவுண்டு முறுக்கே தேவைப்படும் நிலை. அது இரண்டு விரல்களால் உணரக்கூடிய எதிர்ப்பு. இலக்கைத் தாண்டி நசுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, நசுங்கிய குழல் திரும்ப நீளாது. புதிய குழலைப் போட்டு மீண்டும் தொடங்குவதே வழி. பினியன் சீலை மாற்றுவது ஒரு மணி நேர வேலை என்று எண்ணி, நட்டின் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றி, பலம் கொண்ட மட்டும் மீண்டும் இறுக்குபவர், கசிவை நிறுத்தும் அதே முயற்சியில் நல்ல பேரிங்குகளை எரித்துவிடுகிறார்.

கூண்டு பேரிங்குகளைப் பிடிக்கும் மூடிகளும் உறையோடு சேர்த்தே கடையப்பட்டவை. அவற்றை இடம் வலம் மாற்றிப் போடக் கூடாது என்பதால் கழற்றுமுன் குறியிட வேண்டும். செவர்லேயின் பத்து போல்ட் அச்சுகள் பலவற்றில் கிரவுன் வீலைப் பிடிக்கும் போல்ட்டுகள் இடப்புரி கொண்டவை. வழக்கமான திசையில் திருகி அவற்றைக் கழற்ற முயல்பவர் உண்மையில் இறுக்கிக்கொண்டே போகிறார். இறுதியில் தலை ஒடிந்துவிடும். பிரஸ், டயல் கேஜ், அங்குல-பவுண்டு அளவி ஆகியவை கைவசம் இல்லாத, ஆண்டுக்கு ஒரு டிஃபரன்ஷியலைக்கூடத் திறக்காத ஒரு பட்டறை உள்பாகங்களைக் கோக்க ஒப்புக்கொள்ளுமானால், வண்டிக்காரர் தயங்குவதே நல்லது.

அதனால்தான் முழு அச்சையும் மாற்றும் வழி, பார்வைக்குப் பெரிய வேலையாக இருந்தும், நடைமுறையில் பலருக்கு எளியதாகிறது. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகங்களை விற்கும் களங்களில் அதே தலைமுறை வண்டியின் அச்சு கிடைக்கும். விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு சக்கர விசை கொண்ட வண்டியில் இது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. முன்னச்சு ஒரு விகிதத்திலும் பின்னச்சு வேறொரு விகிதத்திலும் இருந்தால், இரண்டையும் இணைத்து உறுதியான தரையில் ஓட்டிய சிறிது தூரத்திலேயே பல்சக்கரங்களும் டயர்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டத் தொடங்கிவிடும். ஒரே பெயருள்ள வண்டியிலேயே சில ஆண்டுகளில் பின்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வேறு சில ஆண்டுகளில் டிரம் பிரேக்கும் வந்திருப்பதால் பிரேக் வகையையும் ஒப்பிட வேண்டும். விற்பவரின் சொல்லை மட்டும் நம்பாமல், சக்கரத்தைத் திருப்பி ஷாஃப்டின் சுற்றுகளை எண்ணி விகிதத்தைச் சரிபார்ப்பதும், பின்மூடியைத் திறந்து காந்தத்தைப் பார்ப்பதும் வாங்குபவரின் உரிமை. அதற்கு இடந்தராத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது.

இறக்கும்போது வண்டியின் எடையை அச்சு தாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. சேசிஸ் சட்டத்துக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டுகளைக் கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அச்சின் நடுவே தனி ஜாக்கியை நிறுத்த வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டும் பினியன் முனையும் சேர்ந்திருந்த நிலையைப் பெயின்டால் குறித்துக்கொண்டு கழற்றினால், திரும்ப மாட்டும்போது புதிய அதிர்வு தோன்றாது. கிராஸ் ஜாயின்டின் தொப்பிகளை டேப்பால் கட்டாவிட்டால் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் மண்ணில் சிதறும். பிரேக் குழாய், கைபிரேக் கம்பிகள், இருந்தால் சக்கர வேக உணரியின் வயர், காற்றுக்குழாய், ஷாக் அப்சார்பரின் கீழ்முனைகள் ஆகியவை கழன்றபின், அச்சைப் பட்டை ஸ்பிரிங்குகளோடு பிணைத்திருக்கும் யூ போல்ட்டுகள் மட்டும் எஞ்சும். உப்பு தூவிய பனிச்சாலைகளில் ஓடிய வண்டியில் அவை துருவேறி இறுகியிருக்கும். அவற்றை வெட்டியெடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை, ஏனெனில் ஒருமுறை இழுபட்டு இறுகிய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. சில்வராடோவில் ஸ்பிரிங்குகள் அச்சின் மேல் அமர்ந்திருப்பதால், ஜாக்கியைத் தாழ்த்தினாலே அச்சு நேரே கீழிறங்கிவிடும். அதன் கனத்தைச் சமாளிக்க இரண்டாம் ஆள் தேவை.

புதிதாக வரும் அச்சை ஏற்றுவதற்கு முன், அது தரையில் கிடக்கும்போதே பினியன் சீல், சக்கரப் பக்கச் சீல்கள், பின்மூடியின் கேஸ்கெட் ஆகியவற்றை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சக்கரப் பக்கச் சீலை மாற்ற ஆக்ஸில் தண்டை உருவ வேண்டும்: பின்மூடியைத் திறந்து, கூண்டின் குறுக்குத் தண்டை எடுத்து, ஆக்ஸிலைச் சற்று உள்ளே தள்ளினால் அதன் முனையிலுள்ள சி வடிவக் கிளிப் கழன்று விழும், தண்டு வெளியே வரும். சக்கரம் வண்டியில் நிற்பதே அந்தச் சிறு கிளிப்பின் பிடியில்தான் என்பது பலருக்குத் தெரியாது. இவ்வகை அச்சில் சக்கர பேரிங்கின் உருளைகள் ஆக்ஸில் தண்டின் மேலேயே நேரடியாக உருளுவதால், தண்டில் நகத்துக்கு நெருடும் பள்ளம் விழுந்திருந்தால் புதிய பேரிங்கும் நிலைக்காது. தண்டையும் மாற்ற வேண்டும்.

யூ போல்ட்டுகளையும் ஷாக் அப்சார்பர்களையும் தொடக்கத்தில் தளர்வாகவே மாட்டி, வண்டி தன் சக்கரங்களில் அமர்ந்தபின் முழுதாக இறுக்க வேண்டும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டியை நகர்த்தவே கூடாது. ஆயிலை நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்ற வேண்டும், 8.6 அங்குல அச்சுக்கு 75டபிள்யூ-90 தரத்தில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பதை விட்டுவிட்டால், சூடேறிய காற்று வெளியேற வழியின்றிப் புதிய சீல்களையே பிதுக்கித் தள்ளும், கசிவு மீண்டும் தொடங்கும். ஒரே அச்சில் வெவ்வேறு அளவில் தேய்ந்த டயர்களை மாட்டுவதும் இங்கே திருத்தப்பட வேண்டிய பழக்கம். நேர்ப்பாதையிலும் ஓய்வின்றி உருளும்படி அது ஸ்டார் பினியன்களைக் கட்டாயப்படுத்துகிறது.

பழைய அச்சை மாற்றியவருக்கு இத்துடன் வேலை முடிகிறது. புதிய கிரவுன் வீல், பினியன் சோடியைக் கோத்தவருக்கோ இன்னும் ஒரு கட்டம் உண்டு. முதல் ஓட்டத்தில் 15 அல்லது 20 நிமிடம் நிதானமாக ஓட்டி, வண்டியை நிறுத்தி அச்சை முழுதும் ஆறவிட வேண்டும். புதிய பற்கள் ஒன்றோடொன்று பதியும்போது மிகுதியான வெப்பம் எழுவதால், அது தணியாமல் தொடர்ந்து ஓட்டினால் பல்லின் மேற்பரப்புக் கடினம் இளகிவிடும். முதல் 500 மைல் வரை, அதாவது ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வரை, இழுவை வண்டியையும் முழுப் பாரத்தையும் தவிர்த்து, அதன்பின் ஆயிலை மாற்ற வேண்டும் என்று பல்சக்கரத் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். அந்த முதல் ஆயிலில் சாம்பல் மை சற்று மிகுதியாகவே வரும்; செதில் வராத வரை அதைக் கண்டு மீண்டும் பிரிக்கத் தேவையில்லை.